வெயில் படும் கண்ணாடி

காலையில் திரையை விலக்கியதும் கண்ணில் பட்டது, மீன்தொட்டியில் ஜன்னல் வெயில் விழும் பக்கம் மட்டும் பச்சைப் பாசி.

அதில் வளைந்து வளைந்து தெளிவான கோடுகள். ராத்திரி நத்தை மேய்ந்துபோன தடம்! ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாசிக்கு வேண்டியது வெளிச்சமும், மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் நைட்ரேட், பாஸ்பேட்டும்தான். தயவுசெய்து பாசியைக் கொல்ல மருந்து ஊற்றாதீர்கள். விளக்கை 6 முதல் 8 மணி நேரத்தோடு அணைத்து, வாராவாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றி, ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், ஏனென்றால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அப்புறம், பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாமல் விடுங்கள். நத்தையும், தொட்டியில் வளர்க்கும் குட்டிச் சிவப்பு இறாலான செர்ரி இறாலின் குஞ்சுகளும் அங்கேதான் மேயும்.