சாக்கா சாக்கா: உடம்பில் பாதி வாயாக இருக்கும் கெளுத்தி

தலைப்பில் இருப்பது செல்லப் பெயர் இல்லை, இந்த மீனின் அறிவியல் பெயரே அதுதான். கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் பக்கம், வங்கம், அசாம், பங்களாதேஷ் என்று வாழும் கெளுத்தி. கங்கை மீன்களைத் தேடித் தேடி எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822லேயே இதை விவரித்துவிட்டார். தென் அமெரிக்காவிலிருந்து வரும் ப்ளெக்கோ, கோரிடோராஸ் கெளுத்திகள் நம் வீட்டுத் தொட்டிகளில் சர்வசாதாரணம், நம் நாட்டு ஆற்றிலேயே இருக்கிற இதைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

மேலிருந்து பார்த்தால் அகன்று தட்டையான தலை, தலையின் அகலத்துக்கே ஒரு வாய், பின்னால் சட்டென்று ஒடுங்கிப் போகும் உடம்பு. கண் கடுகளவு. வாயைச் சுற்றியும் உடம்பின் ஓரத்திலும் தோல் நார் நாராகத் தொங்குவதால் எங்கே மீன் முடிகிறது, எங்கே மக்கிய இலை தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். வளர்ந்தால் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். பகலெல்லாம் அசையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "செத்துப்போச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், செவுள் பக்கத்தில் மணல் துகள்கள் மெல்ல ஏறி இறங்குவதைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

தொட்டி விஷயத்தில் இதற்கு உயரம் தேவையே இல்லை, தரைதான் வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம் தாராளம். கூரான கற்கள், கலர் ஜல்லி வேண்டாம், நன்றாகச் சலித்துக் கழுவிய நைஸ் மணலைப் போடுங்கள், அது தன்னைப் புதைத்துக்கொள்ள முடிய வேண்டும். மேலே காய்ந்த பாதாம் இலைகள், ஒரு மரக்கட்டை, மங்கலான விளக்கு, வேகமாக இழுக்காத ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். தண்ணீர் இலைச்சாறு இறங்கி டிகாஷன் நிறத்துக்கு வந்தால் பதறி மாற்றாதீர்கள்.

இது இரை பிடிப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம். வாயோரத்து மீசையைப் புழு நெளிவது போல லேசாகத் துடிக்க வைக்கும். அதைத் தின்ன வரும் சின்ன மீன் வாய்க்கு நேராக வந்ததும், வாய் திறந்து மூடியதே தெரியாது, 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் மணல் கிளம்பும், அங்கே இருந்தது இப்போது இல்லை. தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைக்கூட விழுங்கும். அதனால் நியான் டெட்ரா மாதிரி சின்ன மீன்களோடு விடலாமா என்று கேட்காதீர்கள், தனியாகத்தான் வைக்க வேண்டும்.

அதற்காக உயிர்மீனாகவே வாங்கிப் போடுவதும் எனக்கு ஒப்பாது. கடையில் மலிவாக விற்கும் தீவன மீன்கள் நெருக்கமான தொட்டியிலிருந்து வருபவை, நோயைக் கூடவே கொண்டுவரும். கோல்டுஃபிஷையே தொடர்ந்து கொடுத்தால், அதிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும், மீன் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். மண்புழு, தோல் உரித்த இறால் துண்டு இரண்டும் போதும். விளக்கை அணைத்த பிறகு நீளமான இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் மெதுவாக ஆட்டினால், புதிதாக வந்தது சில நாள் சீண்டாது, அப்புறம் பழகிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், ஓடியாடாத உடம்புக்கு எவ்வளவு தேவைப்படும்? வாங்கும்போதும் வயிற்றைப் பாருங்கள், ஒட்டிக் கிடந்தால் வேண்டாம்.

நம் ஊரில் நிஜமான தொல்லை சித்திரை, வைகாசி வெயில். தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும், இதுவோ மேலே நீந்தி வந்து நமக்குக் காட்டிக்கொடுக்காது. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேனை வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும், காற்று மோட்டாரையும் கூட்டி வையுங்கள். ஆவியானதற்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும், அதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. இன்னொன்று, இது செதிலில்லாத மீன். தாமிரம் கலந்த மருந்துகளைப் பாட்டிலில் போட்டிருக்கும் முழு அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடாதீர்கள்.

தொட்டி கழுவும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். நாம் தொட்டாலும் நகராது, முதுகிலும் பக்கத் துடுப்பிலும் முள் உண்டு, குத்தினால் நன்றாகவே வலிக்கும். இடம் மாற்ற வலை வேண்டாம், முள் சிக்கிக்கொண்டால் மீனுக்கும் காயம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தரையோடு சாய்த்து வைத்து, வால் பக்கம் லேசாகத் தள்ளினால் அதுவாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.