மிலிட்டரி காலேஜில் எந்த அணியில் சேருவது?

அமெரிக்காவின் சீனியர் மிலிட்டரி காலேஜ்களில் (பட்டப்படிப்போடு ராணுவப் பயிற்சியும் தரும் கல்லூரிகள்) சேரும் கேடட்டை, அதாவது பயிற்சி மாணவரை, பல சிறப்பு அணிகளும் கிளப்களும் கூப்பிடும். சீருடையைப் பார்த்து மயங்காதீர்கள். வாரத்தில் எத்தனை விடியற்காலை போகும், தேர்வு வாரத்தில் பயிற்சியைக் குறைப்பார்களா என்று அந்த அணியின் இரண்டாமாண்டு கேடட்டிடம் கேளுங்கள். முதலாண்டில் ஒரு சிறப்பு அணிக்கு மேல் வேண்டாம். இரண்டில் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது தூக்கம், அடுத்தது மதிப்பெண்.

எந்த ஆண்டில் சேர்க்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஃபிஷ் ட்ரில் டீம் (துப்பாக்கியோடு அணிவகுப்பு செய்யும் அணி) முதலாண்டு கேடட்டுகளுக்கு மட்டும், விட்டால் போச்சு. தென் கரோலினாவின் சிட்டாடல் ராணுவக் கல்லூரியிலுள்ள சம்மரால் கார்ட்ஸ் அணி இதற்கு நேரெதிர்: 61 பேரும் இறுதியாண்டுக்காரர்கள், வாய்க்கட்டளையே இல்லாமல் ட்ரில் செய்வார்கள். வெர்மாண்டின் நார்விச் பல்கலைக்கழகத்தில் மலை, குளிர்காலப் பயிற்சிக்கென்றே தனிக் கம்பெனி (கேடட் படைப்பிரிவு) உண்டு.

ராணுவ ஆர்ஓடிசி (கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம்) உள்ள பல இடங்களில் கிடைப்பது ரேஞ்சர் சேலஞ்ச், ராணுவத் திறன்களில் அணிகள் மோதும் போட்டி. அதில் பலரைக் கவிழ்ப்பது நீரோடையைக் கடக்கக் கட்டும் ஒற்றைக் கயிற்றுப் பாலம். சுமார் 36 மீட்டர் நீளமுள்ள, அதிகம் நீளாத நைலான் கயிறு. முதல் ஆள் கயிற்றோடு அக்கரைக்குப் போய், மார்பளவு உயரத்தில் மரத்தைச் சுற்றி இரண்டு அரை முடிச்சு போடுவார். இக்கரையில் கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு, காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டி, மரத்தைச் சுற்றி வந்த நுனியை அதன் வழியாக இழுத்து இறுக்க வேண்டும். இழுக்க மூன்று பேர் போதும். ஆறு பேர் தொங்கினால் மரத்திலும் கயிற்றிலும் தேவையற்ற பளு ஏறும், முடிச்சை அவிழ்க்கவே நிமிடங்கள் ஓடிவிடும். நனைந்த நைலான் தொய்யும். சிலர் கடந்த பிறகு மறுபடி இறுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கயிற்றில் தொங்கிக் கடக்க இடுப்பில் கட்டும் கயிற்று இருக்கையிலும் கவனம் வேண்டும். கடைசியில் போடும் சதுர முடிச்சில் இரண்டு சுற்றும் ஒரே பக்கமாகப் போனால் அது பாட்டி முடிச்சு. பாரம் விழுந்ததும் நழுவும். சரியான முடிச்சில் இரு கண்ணிகளும் ஒன்றையொன்று கவ்வி, நுனிகள் இரண்டும் அந்தந்தக் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். இரு பக்கமும் காப்பு முடிச்சு கட்டாயம். இருட்டில், ஈரக் கையோடு, பார்க்காமல் கட்டிப் பழகுங்கள். பக்கத்து ஆள் தொட்டுப் பார்த்து "சரி" சொல்லாமல் யாரும் கயிற்றில் ஏறக்கூடாது.

அடுத்தது சுமைநடை, முதுகில் கனமான பையோடு வேகமாக நடப்பது. நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல் 16 கிலோ சுமையோடு 12 மைல், 3 மணி நேரம்; மைலுக்கு 15 நிமிடம். 9 கிலோ, 5 கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் ஒருமுறை போதும். ஒரு வாரத்தில் எடையோ தூரமோ ஏதாவது ஒன்றைத்தான் கூட்டலாம். சுமையோடு ஓடிப் பழகினால் கால் எலும்பில் விரிசல் விழும் ஆபத்து கூடும்; இறக்கத்திலும் வேகநடையே போதும். கனமான பொருள் பையின் மேல்பாதியில், முதுகோடு ஒட்டி இருக்கட்டும். அடியில் போட்டால் தோள் பின்னால் இழுபடும். கம்பளிக் காலுறை மாற்று ஜோடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் எழுந்த பிறகு ஒட்டினால் கழற்றும்போது தோலும் சேர்ந்து வரும்.