பென் டிரைவ் இல்லாமல் ஒரு லேப் முழுக்க விண்டோஸ்: கடலூரில் பிஎக்ஸ்இ அமைத்த அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இரண்டு கம்ப்யூட்டர் லேப் இருக்கின்றன. ஒன்றில் விண்டோஸ் 11 ஓடக்கூடிய 40 சிஸ்டம், இன்னொன்றில் பயாஸ் என்ற பழைய வகைத் தொடக்க மென்பொருளில் எழும் சிஸ்டங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், முதல் லேபில் விண்டோஸ் 11, பழையதில் லினக்ஸ் என்று முடிவானது. ஒவ்வொரு சிஸ்டத்திலும் பென் டிரைவைச் செருகி, டிரைவர், ஆட்டோகேட், பைத்தான், தமிழ்99 விசைப்பலகை என்று வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தால் செமஸ்டரே தொடங்கிவிடும். அதனால் நெட்வொர்க் வழியாகவே பூட் செய்து (இதற்குத்தான் பிஎக்ஸ்இ என்று பெயர்), ஒரு லேபுக்கு ஒரே இமேஜை, அதாவது தயார் செய்த டிஸ்க்கின் முழு நகலை, எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்ப, ஃபாக் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டோம். இதில் சர்வர் அமைப்பது சின்ன வேலைதான். நேரம் போவதெல்லாம் சர்வருக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் இருக்கிற பாதையில். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பாதையைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

பிஎக்ஸ்இ-யில் பூட் ஆகும் சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டு, முதலில் 'எனக்கு ஐபி வேண்டும்' என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி சர்வர் ஐபி கொடுக்கும்போதே, பூட் சர்வர் எது என்பதை 66-ஆம் ஆப்ஷனிலும், எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்பதை 67-ஆம் ஆப்ஷனிலும் சொல்லிவிடலாம். சிஸ்டம் அந்த ஃபைலை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை வழியாக, 69-ஆம் போர்ட்டில் கேட்டு வாங்கும். டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் துண்டு ஒன்றை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். அதனால் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட் ஃபைலை மட்டும் இந்த வழியில் கொடுத்துவிட்டு, பெரிய ஃபைல்களை எச்டிடிபி-யில் இழுக்கவிடுவது நல்லது. ஃபாக் அப்படித்தான் செய்கிறது.

எங்கள் ரவுட்டரில் 66, 67 இரண்டையும் எழுத இடமே இல்லை. பயோமெட்ரிக், சிசிடிவி, ஆபீஸ் பிரின்டர் எல்லாம் அதிலிருந்துதான் ஐபி வாங்குகின்றன, அதன் டிஎச்சிபி-யை நிறுத்தவும் முடியாது. அதனால் ஃபாக் நிறுவும்போது 'டிஎச்சிபி நடத்தவா?' என்ற கேள்விக்கு வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, அதே சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருளை ப்ராக்ஸி முறையில் ஓடவிட்டோம். ஐபி ரவுட்டரிலிருந்தே போகும், பூட் விவரத்தை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சேர்த்துச் சொல்லும். கல்லூரி, பள்ளி மாதிரி இடங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வசதியும் இதில் உண்டு. சிஸ்டம் எந்த வகை என்பது 93-ஆம் ஆப்ஷனில் வரும். பழைய பயாஸ் என்றால் 0, பயாஸுக்குப் பதிலாக வந்த 64-பிட் யூஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. அதைப் பார்த்து ஒன்றுக்கு ஒரு ஃபைலும் இன்னொன்றுக்கு வேறு ஃபைலும் கொடுக்கலாம். யூஇஎஃப்ஐ சிஸ்டங்களுக்கு 'எஸ்என்பிஒன்லி' என்ற ஃபைலைக் கொடுத்தோம். சிஸ்டத்தின் ஃபர்ம்வேரில், அதாவது போர்டிலேயே பதிந்த மென்பொருளில், இருக்கும் நெட்வொர்க் டிரைவரையே அது பயன்படுத்திக்கொள்வதால் எங்கள் கார்டுகளில் தகராறு இல்லாமல் ஓடியது.

பழைய சிஸ்டங்கள் திரையில் காட்டும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை: கேபிளையும் சுவிட்ச்சையும் பாருங்கள். இ53 என்றால் ஐபி வந்தது, ஃபைல் பெயர் வரவில்லை: டிஎன்எஸ்மாஸ்க்கைப் பாருங்கள். இ32 என்றால் டிஎஃப்டிபி பதில் தரவில்லை: பெரும்பாலும் ஃபயர்வால்தான். மேனேஜ்டு சுவிட்ச்சில் (அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச்) ஸ்பானிங் ட்ரீ, அதாவது நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு ஓடினால், போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகலாம். அதற்குள் சிஸ்டம் கேட்டுக் களைத்து விட்டுவிடும். சிஸ்டங்கள் இருக்கும் போர்ட்களில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை ஆன் செய்தால் சரியாகிவிடும்.

புதிய சிஸ்டங்களில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பூட் ஃபைல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் பூட் ஆகி உள்ளே வந்த பிறகும் 'டிஸ்க் இல்லை' என்றது. சிஸ்டத்தின் அமைப்புத் திரையில் இன்டெல் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக வசதி ஆன் ஆகியிருந்தால், ஃபாக் உள்ளே ஓடும் லினக்ஸுக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க் தெரியாமல் போகலாம். அதை அணைத்ததும் வந்துவிட்டது. இதை இமேஜ் எடுப்பதற்கு முன்பே எல்லா சிஸ்டத்திலும் ஒரே மாதிரி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத்திரையில் நிற்கும்.

இமேஜ் எடுக்கப்போகும் மாஸ்டர் சிஸ்டத்தை நெட் இல்லாமல் ஆடிட் முறையில் (பயனர் கணக்கு உருவாக்காமலே விண்டோஸுக்குள் போய் மென்பொருள் போடும் முறை) தயார் செய்தோம். நெட் இருந்தால் ஸ்டோர் ஆப்கள் தாமாகவே அப்டேட் ஆகி, கடைசியில், அந்த ஒரு சிஸ்டத்துக்கே உரிய விவரங்களை நீக்கும் சிஸ்பிரெப் பிழை காட்டி நிற்கும். டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லாக்கர் தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் முழுதும் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். சிஸ்பிரெப் முடிந்து அணைந்த சிஸ்டத்தை மறுபடி விண்டோஸுக்குள் போகவிடக் கூடாது. ஆன் செய்ததும் நேராக நெட்வொர்க் பூட், அப்புறம் கேப்சர், அதாவது இமேஜ் எடுப்பது.

அனுப்புவதில்தான் கணக்கு இருக்கிறது. 40 ஜிபி இமேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிகாபிட் கேபிளில் விநாடிக்கு 110 எம்பி போனால் ஆறு நிமிடத்துச் சொச்சம். ஆனால் பத்து சிஸ்டத்துக்குத் தனித்தனியாக அனுப்பினால் சர்வரின் அந்த ஒரே கேபிளைப் பத்தும் பங்கு போட்டுக்கொள்ளும், ஒரு மணி நேரம் ஆகிவிடும். மல்டிகாஸ்ட்டில் எல்லாருக்கும் ஒரே ஓட்டமாகப் போகும், கோயில் மைக்கில் அறிவிப்பதைத் தெருவே கேட்பதுபோல. அதில் ஒரு நிபந்தனை உண்டு: கூட்டத்தில் மெதுவான சிஸ்டம் எதுவோ, அதன் வேகம்தான் எல்லாருக்கும்.

முதல் வரிசைக்கு அனுப்பியபோது லேப் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, எல்லாமே ஒண்ணா ஊர்ந்து போவுது, என்னான்னு பாருங்க." ஒரே ஒரு சிஸ்டம் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போனால் இன்டர்நெட் நன்றாகவே வரும், யாருக்கும் சந்தேகம் வராது. அந்தச் சுவர்ப் பெட்டியைக் கழற்றினால் உள்ளே உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று அடிக்கும் ஊரில் இது புதிதில்லை. புது ஜாக் போட்டு, மற்றவற்றையும் டெஸ்டரில் பார்த்து, கருத்துப்போன கனெக்டர்களை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்தோம். அதன் பிறகு ஒரு வரிசை முழுவதும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. எனவே முதலில் ஒவ்வொரு சிஸ்டத்தின் லிங்க் வேகத்தையும் பாருங்கள், பிறகு சர்வரைத் தொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பயப்பட வேண்டியதில்லை. பாதியில் நின்ற சிஸ்டத்துக்கு மறுபடி அனுப்பினால் போதும்.

எல்லாம் முடிந்ததும் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தோம், பூட் வரிசையில் டிஸ்க்கை முதலில் வைத்தோம். ஃபாக்கின் இயல்பான பாஸ்வேர்டை மாற்றி, பூட் மெனுவுக்கும் பூட்டு போட்டாயிற்று. பூட் மெனு திறந்து கிடந்தால், எஃப்12 அழுத்தத் தெரிந்த எந்த மாணவரும் ஒரு டிஸ்க்கை அழித்துவிடலாம். ஆன்லைன் தேர்வு நடக்கும் நாட்களில் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்திவிடுகிறோம், தேர்வு முடிந்த மாலையில் தம்பியே ஆன் செய்துகொள்கிறான்.