காற்றாடிமலை போகும் வழியில் ஒரு வாக்குவாதம்

புனித தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. அநேகமாகப் பொங்கலை ஒட்டியே வரும். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் தகராறு தொடங்கியதும் அதில்தான். கோயில் முற்றத்தில் சமத்துவப் பொங்கல் வைத்து, பக்கத்து அம்மன் கோயில் பூசாரியையும் பள்ளிவாசல் இமாமையும் அழைத்து ஆளுக்கொரு ஜெபம் சொல்ல வைக்கலாமா? பங்கின் சிறு குழுவான அன்பியக் கூட்டத்தில் தீராத பேச்சு, திருநாளுக்கு முந்தின ஞாயிறு திருயாத்திரை வேனிலும் ஏறிக்கொண்டது. முன் சீட்டில் மறைக்கல்வி சொல்லித்தரும் மாமா, பின் சீட்டில் என் தம்பி. நடுவில் நான்.

முதலில் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடிக்க, பாறையில் நீர் ஊறியதாக நம்பிக்கை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மாள் பேரனுக்குக் காய்ச்சல் என்று தண்ணீர் எடுக்க வந்திருந்தார். மாமாதான் குனிந்து, குழியிலிருந்து மொண்டு, சிந்தாமல் அவர் பாட்டிலில் ஊற்றினார்.

“இதுக்கு மட்டும் ஆட்சேபம் இல்லியா மாமா?” என்றான் தம்பி.

“வாறவங்கள யாருடே தடுத்தா? எல்லாம் ஒண்ணுதான்னா இவரு எதுக்குச் சாகணும்? அதச் சொல்லு.”

லேசான கேள்வி இல்லை. நட்டாலத்து நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப் பணியாளர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அப்போதும் அவர் மறுதலிக்கவில்லை. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

“குளச்சல் போரில பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருகிட்ட மனசுவிட்டுப் பேசினதாலதானே எல்லாம்?” தம்பி விடவில்லை.

“பேசினது பைபிள்ல வாற யோபு கதைடே. பொங்கல் வச்சுப் பேசல.”

வேனே சிரித்தது.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பியதும், தம்பி செல்போனில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்கள் பற்றி வெளியிட்ட 1965ஆம் ஆண்டு ஏட்டை எடுத்தான். பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று வாசித்தான். “அடுத்த வரியையும் வாசி” என்றார் மாமா. வழியும் உண்மையும் வாழ்வுமான கிறிஸ்துவை இடைவிடாமல் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று வந்தது. அதற்கும் கீழே, பிற சமயத்தாரோடு உரையாடுங்கள், ஒத்துழையுங்கள் என்கிறது அதே பகுதி. அதை இருவரும் வாசிக்கவில்லை, நான்தான் வாசித்தேன்.

எனக்கு மாமாவின் கேள்வி நியாயம். ஆனால் பங்குச்சாமியாருக்கு விசுவாசமே இல்லை என்று அவர் கூட்டத்தில் சொன்னது அதிகப்படி. 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த குமரி மாவட்டம் இது. இங்கே பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது வெறும் ஃபேஷன் இல்லை. 1986இல் இத்தாலியின் அசிசியில் போப் இரண்டாம் ஜான் பால் கூட்டிய கூட்டத்தில்கூட எல்லாரையும் ஒரே ஜெபம் சொல்ல வைக்கவில்லை. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் முறைப்படியே ஜெபித்தார்கள்.

காற்றாடிமலையில், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, மாமா ஒரு படி இறங்கி வந்தார். பொங்கல் வைக்கலாம், பூசாரியும் இமாமும் வாழ்த்திப் பேசலாம், ஜெபம் மட்டும் அவரவர் கோயிலில். “அப்ப அது வெறும் விருந்துதானே?” என்றான் தம்பி. மாமா மறுபடியும் ஆரம்பித்தார்.