தரையோடு தரையாக

"அக்கா, ஒரு ஃபேஷன் பத்திரிகைக்கு ஷூட். காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. மாடலுக்கு உடம்பு முழுக்கப் பெயின்ட் பண்ணணும். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில படுத்திருப்பாங்க, ஆனா ஆளே தெரியக் கூடாது. முடியுமா?"

மூக்கு எடுப்பாகத் தெரியணும், நெற்றி சின்னதாகத் தெரியணும், போட்டோவில் நாத்தனாரைவிடப் பளிச்சென்று தெரியணும் என்று கேட்பவர்களை நம்பிப் பிழைப்பு நடத்துகிற மேக்கப்காரி நான். தெரியவே கூடாது என்று கேட்ட முதல் ஆள் இந்தப் போட்டோகிராபர் தம்பிதான். ஆடி மாதம், கையில் ஒரு கல்யாணமும் இல்லை. சரி என்றேன்.

தம்பி மாதிரிக்குச் சில படங்கள் அனுப்பினார். சீனக் கலைஞர் லியு போலின் தன் மேலேயே வண்ணம் பூசிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கும் படங்கள். 2005-இல் பெய்ஜிங்கில் அவர் வேலை செய்த கலைஞர் குடியிருப்பை இடித்துத் தள்ளியபோது எதிர்ப்பாக ஆரம்பித்தது அது. அதற்கும் முன்னால், எழுபதுகளிலேயே, வெருஷ்கா என்ற ஜெர்மன் மாடல் பழைய கதவு, சுவர்களோடு கலந்து நின்ற படங்கள். அவற்றைப் பார்த்ததும் ஆசை வந்தது உண்மை. ஆனால் லியு போலின் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிறார். துணிக்கு வியர்க்காது.

எனவே பெயின்ட் விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். தண்ணீர் தொட்டுப் பூசும் பெயின்ட் அழகாகப் பரவும், சோப்புப் போட்டால் போய்விடும். வியர்த்தாலும் போய்விடும், அதுதான் வம்பு. அதை முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உடம்புக்கு ஆல்கஹால் தொட்டுப் பூசும் வகையை எடுத்தேன். காய்ந்தபின் தரையில் ஒட்டாது, வியர்வைக்கும் அசையாது. முதல் நாளே மாடலின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்தாயிற்று. பள்ளி ஆண்டு விழாக்களில் கடையில் வாங்கிய அக்ரிலிக் பெயின்ட்டைப் பிள்ளைகள் முகத்தில் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அது சுவருக்கும் துணிக்கும் ஆனது, சாமி.

விடிவதற்கு முன் ஆரம்பித்தோம். தோல் நிறத்தில் உடம்போடு ஒட்டிய சின்ன உடை, தலைமுடியை அமுக்கி ஒரு உறை. மாடல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். மேலே ஏணியில் கேமரா. அதிலிருந்து ஒரு ஒயர் மடிக்கணினிக்கு. என் உதவியாளர் பெண் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இடது, இடது... இன்னும் கீழே... ஐயோ, தாண்டிப் போச்சு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

தரையில் இருக்கும் நேர்க்கோடு தோள்பட்டையில் ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கன்னாபின்னாவென்று வளைந்துதான் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே கேமரா கண்ணுக்கு அது நேராகத் தெரியும். கேமராவை ஒரு சாண் நகர்த்தினாலும் மொத்தமும் குலைந்துவிடும். நான் வரைந்ததை நானே நம்ப முடியாமல், பார்வையற்றவள் போல உதவியாளர் குரலைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். இடுப்பில் ஒரு பச்சை நட்சத்திரம் சரியாகப் பொருந்தியது என்று நிமிர்ந்தால், மாடல் மூச்சு விடுகிறாள், நட்சத்திரம் எழும்பி இறங்குகிறது.

"கொஞ்சம் சின்னதா மூச்சு விடும்மா."

"அக்கா, மூச்சுல சின்ன சைஸ், பெரிய சைஸ் எல்லாம் இருக்கா?"

பிறகு தூங்கிப் போனாள். மூச்சு ஒரே சீராக வந்தது. எனக்கு அதுதான் சௌகரியம்.

பளபளப்புக்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்டைக் கையால் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. தோலுக்கு அது எப்படி வரும்? மெழுகு மாதிரி ஒரு பளபளப்பை விரல் நுனியில் எடுத்து ஒற்றி ஒற்றி வைத்தேன்.

கிட்டத்தட்ட முடியும் நேரம். வீட்டு ஆச்சி காபித் தட்டோடு வந்தார். தூணைத் தாண்டி நேராக மாடலின் கால் பக்கம் நடந்தார். நாங்கள் "ஆச்சி!" என்று வாய் திறப்பதற்குள் தரை தும்மியது.

ஆச்சி நின்ற இடத்திலேயே நின்றார். காபி ஒரு சொட்டு சிந்தவில்லை. "முருகா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் தரை கண் திறந்து, "ஸாரி பாட்டி" என்றது.

மூக்கு ஓரம் விரிசல் விட்டதை நான் சரி செய்ய, ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மடிக்கணினியில் பார்க்கச் சொன்னோம். கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரித்தான் ஆத்தா. இங்கன ஒரு கீறல் இருக்குமே, அதக் காணோம்."

"எங்கே ஆச்சி?"

"இந்தப் புள்ள இடுப்புக்குக் கீழ. என் மூத்தவன் சின்னப்பயலா இருக்கையில உலக்கையப் போட்டுட்டான்."

மாடல் படுத்தபின் அந்தக் கல் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் ஆச்சி விடுவதாயில்லை. கீறல் எந்தப் பூவின் எந்த இதழில் ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கைத்தடியால் காற்றில் வரைந்து காட்டினார். மெல்லிய தூரிகையில் கறுப்பும் சாம்பலும் எடுத்து, இடுப்பில் கீறலைப் போட்டேன். போட்டோகிராபர் தம்பி ஏணியிலிருந்தே "அக்கா, செம!" என்று கத்தினார். அதுவரை படம் வரைந்த மாதிரி இருந்தது. கீறல் விழுந்ததும் தரை ஆகிவிட்டது.

படம் எடுத்து முடிக்க அரைமணிகூட ஆகவில்லை. கலைக்கத்தான் நேரம் பிடித்தது. என்னிடம் அதற்கான ரிமூவர் இருந்தும், ஆச்சி ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயும் பயத்தமாவும் கொண்டுவந்து வைத்துவிட்டார். ரிமூவர் பாதி, எண்ணெய் பாதி என்று தேய்த்தோம். தரைக்கும் அதே எண்ணெய்தானாம். அதற்கிடையில் எனக்கு என்ன கூலி என்று விசாரித்தார். சொன்னேன். "ஒரு கல்யாணப் பொண்ணுக்கு?" அதையும் சொன்னேன். பதில் பேசாமல் எனக்கு இன்னொரு கந்தரப்பம் எடுத்து வைத்தார்.

கிளம்பும்போது மாடல், போட்டோகிராபர் அனுமதியோடு, மடிக்கணினித் திரையை ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டி, வெறும் தரையப் படம் எடுத்து அனுப்பியிருக்க? நீ எங்க?"

"அதுலதாம்மா இருக்கேன். நல்லா பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து மேக்கப் போட்டதா சொன்னியே, அது இதுவா?"

"ஆமாம்மா. அக்கா பக்கத்துலதான் இருக்காங்க. சூப்பரா பண்ணியிருக்காங்க இல்ல?"

"எல்லாம் சரி," என்று அந்த அம்மா ரகசியமாகக் குரலைத் தாழ்த்தினார். ஸ்பீக்கரில் அது வளவு முற்றம் முழுக்கக் கேட்டது. "உன் கல்யாணத்துக்கு மட்டும் அந்த அக்காகிட்ட சொல்லிறாதடி."