டெக்சஸ் துப்பாக்கியும் கல்லுப்பட்டிப் பெரியப்பாவும்

அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே இருப்பவர்கள் வைக்கும் விருந்துகளில் எனக்கு அறவே பிடிக்காதது ஒன்று உண்டு. துப்பாக்கி சுடும் திடலுக்கு அழைத்துப்போய், இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியாகப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டு, ஆள் பின்னால் தள்ளாடுவதைக் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். டெக்சஸில் இது சாதாரணம். சிரிப்பார்கள், "இனி நீயும் எங்கள் ஊர்க்காரன்" என்று தோளில் தட்டுவார்கள். தட்டுகிற இடத்தில்தான் அடி பட்டிருக்கும்.

விடுமுறைக்கு மதுரை வந்திருக்கிறேன். திருநகரில் அம்மா வீடு. அக்கா மகன் மேற்படிப்புக்காக டாலஸ் போகவிருக்கிறான். வாடகை, கார், குளிர், மளிகை எதைப் பற்றியும் என்னிடம் கேட்கவில்லை. "சித்தி, அங்கே போனால் துப்பாக்கி சுடலாமா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. மற்றதையெல்லாம் அவனே தேடிப் படித்துக்கொண்டானாம்.

அவனுக்குச் சட்டத்தை முதலில் சொன்னேன். மாணவர் விசா, வேலைக்கான எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடை விதிக்கிறது. சில விலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. திடலில் வாடகைக்கு எடுத்துச் சிறிது நேரம் பிடித்திருப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த அலுவலக நண்பர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. நல்ல மனத்தோடுதான் கூப்பிடுவார்கள். மாட்டிக்கொண்டால் விசா போவது நமக்குத்தான். என் கணவர் இதில் பிடிவாதக்காரர். நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு வரும்வரை அந்தப் பக்கமே போகவில்லை, என்னையும் போக விடவில்லை.

வந்த பிறகு போனோம். எனக்குத் துப்பாக்கி புதிதில்லை. மதுரையில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தேன். குப்புறப் படுத்து பாயிண்ட் 22 என்னும் சிறிய ரைபிளால் இலக்கைச் சுட்டிருக்கிறேன். சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பதை உதை என்பார்கள்; அதில் உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையில்தான் மேசை முன் உட்கார்ந்தேன். கணவரின் நண்பர் என் கையில் கொடுத்தது .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும் ரைபிள். பெரிய மான்களை வெகு தொலைவிலிருந்து அடிப்பதற்காக 1963இல் சந்தைக்கு வந்த தோட்டா. மலையேறும் வேட்டைக்காரர்கள் சுமப்பதற்காகத் துப்பாக்கியையும் எடை குறைத்துச் செய்திருந்தார்கள். அதைக் கையில் வாங்கியதும், "எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்" என்று வியந்தேன்.

அந்த லேசுதான் வினை. பள்ளிக்கூடத்தில் உந்தம் மாறா விதியைப் படிக்கும்போது துப்பாக்கியைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுப்பார்கள். மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வந்தாக வேண்டும். எரிந்த வெடிமருந்தின் வாயுவும் குண்டைவிட வேகமாக வெளியேறுவதால் அதன் கணக்கும் தோளில்தான் எழுதப்படும். பழைய .303 ரைபிளில் 11 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 745 மீட்டர் வேகத்தில் போகிறது. நான்கு கிலோ எடையுள்ள அந்த ரைபிள் நொடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் திரும்பி வருகிறது. ஆற்றல் சுமார் 15 ஜூல். என் கையில் இருந்ததில் குண்டின் எடை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வேகம் 900 மீட்டர், மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, துப்பாக்கியோ மூன்றரைக் கிலோ. போட்டுப் பார்த்தால் 40 ஜூலை நெருங்குகிறது. செய்திகளில் அடிபடும் ஏஆர்-15 ரைபிளின் உதை 5 ஜூல் அளவுதான். பார்வைக்குப் பயங்கரமாக இருப்பதெல்லாம் தோளுக்குப் பயங்கரம் என்று எண்ண வேண்டாம். அழகிய மரக்கட்டை போட்ட சாது மாதிரியான வேட்டைத் துப்பாக்கிதான் ஆளைச் சாய்க்கும்.

வலி உடனே தெரியவில்லை. முதலில் சத்தம். காதில் மூடி போட்டிருந்தும் அது மார்புக்கூட்டுக்குள் இறங்கியது. அடுத்துப் பற்கள் மோதின. அதன் பிறகுதான் காறை எலும்பின் அருகே தீயாய் எரிந்தது. தாலிச் சங்கிலி, துப்பாக்கியைத் தோளில் ஊன்றும் கட்டைக்கும் எலும்புக்கும் நடுவே சிக்கி, ஒவ்வொரு கண்ணியும் தோலில் பதிந்துவிட்டது. நின்று சுட்டிருந்தால் உடம்பு பின்னால் வளைந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கும். மேசைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் வளைய வழியில்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு அடுத்துக் கணவர் உட்கார்ந்தார். துப்பாக்கிமேல் பொருத்தியிருக்கும் தொலைநோக்கிக்கு மிக அருகில் கண்ணை வைக்க வேண்டாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை. வளையம் பின்னால் வந்து புருவத்தைப் பிறை வடிவில் கிழித்தது. இதற்கு அங்கே பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை புருவங்கள் கிழிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. காலையில் தலை பின்னக் கை எழவில்லை. மறுநாள் தோள் முழுவதும் கருநீலம், விளிம்பில் மஞ்சள். அந்த வாரக் கடைசியில் பொங்கல் விழா. பட்டுப்புடவைக்குத் தைத்திருந்த ரவிக்கை அந்த நிறத்தை மறைக்கிற ரவிக்கை இல்லை. என் தோள் அப்படி, பக்கத்தில் புருவத்தில் பிளாஸ்திரியோடு கணவர். மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய உள்ள கூட்டம் அது. சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நின்ற என்னை ஓர் அக்கா கழிப்பறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், உதவி எண் ஒன்றைத் தாளில் எழுதிக் கையில் திணித்தார். "துப்பாக்கிதான் அக்கா இடித்தது" என்றேன். அவர் முகம் இன்னும் கவலையாகிவிட்டது. பிறகு மருத்துவரிடம் போனபோது அவரும் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். ஆனாலும் அந்த அக்காவின்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை. ஊரில் இதே தோளைப் பார்த்திருந்தால் "பொறுத்துப் போ" என்று சொல்லியிருப்பார்களே தவிர, யார் எண் எழுதித் தருவார்கள்?

எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மான் வேட்டைக்குப் போகிறவர். என் காயத்தைப் பார்த்தவுடன் அவர் திட்டியது எங்களை அல்ல, அந்த நண்பரை. கடைகளில் விற்கும் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை சுமார் 14 அங்குலம் இருக்கும். உயரமான ஆணின் கைக்கு வெட்டிய அளவு அது. என்னைப் போன்ற ஐந்தடிப் பெண்ணுக்குக் கட்டை தோள்குழிக்குள் உட்காராமல் கையின் பக்கம் நழுவி நிற்கும். என் காயத்தில் பாதி அதனால் வந்தது. அவர் கட்டை குட்டையான, தடித்த ரப்பர் மெத்தை வைத்த, சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் 20 கேஜ் துப்பாக்கியைக் கொடுத்தார், அதுவும் பல வாரம் பாயிண்ட் 22 சுடவைத்த பிறகு. குழல் முனையில் மாட்டும் துளையிட்ட உறை ஒன்று உதையை நன்றாகவே குறைக்கும். ஆனால் சத்தம் பக்கத்தில் நிற்பவர் காதில் அறையும். அதனால் அவருக்கு அது பிடிக்காது.

தோளில் பட்ட காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. அதைவிடப் பொல்லாதது மனத்தில் உட்கார்ந்துகொண்ட பயம்தான். விசையை இழுப்பதற்கு முன்பே கண் மூடும், தோள் முன்னால் பாயும், குழல் தாழும். சுடுகிறவருக்கு அது தெரியாது, சத்தம் மறைத்துவிடும். ஆசிரியை எனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு பொய்த் தோட்டாவைச் செருகிவைப்பார். அது வரும்போது வெடிக்காது, ஆனால் துப்பாக்கி மட்டும் துள்ளும். துள்ளவைத்தது நான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை அடங்கத் தொடங்கியது.

இந்த முறை டி.கல்லுப்பட்டிக்குப் போய்ப் பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பட்டாளத்தில் இருந்தவர், 1971 சண்டைக்காலத்து ஆள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "துப்பாக்கி எத்தனை கிலோ, தாயி?" சொன்னேன். "அந்த எடைக்கு அந்த மருந்தா? கொடுத்தவனை முதலில் சுடச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் அவருக்குக் கொடுத்தது .303. கட்டையின் முடிவில் ரப்பர் கிடையாது, பித்தளைத் தகடு. குன்னூர்க் குளிரில் அந்தத் தகடே தோளைக் கடிக்குமாம். பையன்கள் சட்டைக்குள் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்களாம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கண்டுபிடித்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வாராம். "கட்டையைத் தோளுக்குள் இழுத்துப் பிடி. இடைவெளி விட்டால் அடிக்கும், விடாவிட்டால் தள்ளும்" என்பது உஸ்தாத் பாடம். தோட்டாவைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பு, வெறும் துப்பாக்கியின் குழல்மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுக்கச் சொல்வார்கள். நாணயம் விழாத நாள் வரும்வரை தோட்டா கிடையாது. பட்டாளம் ஆட்களைப் பக்குவமாக நடத்தும் இடமில்லை. அங்கேகூட முதல் நாளே பெரிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். சாப்டூர்ப் பக்கம் அவருடைய மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உருட்டிவிட்டுப் போகின்றன. துப்பாக்கி பரணில் இருந்தாலும் விவசாயி பன்றியைச் சுட முடியாது, வனத்துறைதான் முடிவெடுக்க வேண்டும். டெக்சஸில் நில உரிமையாளர் சம்மதித்தால் 2019 முதல் வேட்டை உரிமம்கூட இல்லாமல் பன்றியைச் சுடலாம் என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "கறியை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். பல இடங்களில் அப்படியே விட்டுவிடுவார்கள் என்றதும் டெக்சஸ்மேல் அவருக்கு இருந்த மதிப்பு போய்விட்டது.

அக்கா மகன் இவ்வளவையும் கேட்டுவிட்டு மாணவர்களுக்கு வேட்டை உரிமம் கிடைக்குமா என்றான். கிடைக்கும். ஆனால் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைக்குப் போக அதற்கான கல்வி வகுப்பை முடிக்க வேண்டும், சுடும் திடலுக்குள் கூரையடியில் நின்றால் ஈயத்தூள் படியும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, யார் என்ன கொடுத்தாலும் முதலில் பாயிண்ட் 22 கேள், கேலி செய்தால் செய்யட்டும் என்றேன். வகுப்புக்குக் கட்டணம் எவ்வளவு என்று அவன் கைப்பேசியில் தேடத் தொடங்கினான். அக்கா அடுப்படியிலிருந்து, "முதலில் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டாயா என்று கேள்" என்றாள்.