வெடி வைப்பவன் பார்வையில் செசானின் கல்குவாரி

கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு கருங்கல் குவாரியில் வெடிவைப்பு மேற்பார்வையாளராக வேலை செய்யும் எனக்குப் பாறை என்றால் முதலில் ஆபத்துதான். வெடி முடிந்து புகை அடங்கியபின், முகப்பில், அதாவது வெட்டிய பாறைச் சுவரில், எந்தக் கல் தொங்குகிறது, எந்த விரிசல் மழைக்குப் பெயர்ந்துவிடும் என்று பார்த்த பிறகே ஆட்களை உள்ளே விடுவேன். எங்கள் கூட்ட அறையில் மாட்டியிருக்கும், பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ஓவிய அச்சுப்படியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறேன். பிரான்சின் எக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பிபெமூஸ் கல்குவாரியையும் அதற்கு அப்பாலுள்ள சான்ட் விக்துவார் மலையையும் அவர் 1897ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் அது. மூலப்படம் அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்தப் பாறைகளை வெடி தொட்டதில்லை என்பதை முதல் பார்வையிலேயே சொல்லிவிடலாம். நாங்கள் துளையிட்டு வெடித்த முகப்பில் துளைகளின் பாதித் தடங்கள் நெடுகக் கோடுகளாக நிற்கும். அடியில் உடைகல் குவிந்து கிடக்கும். பிபெமூஸின் கல்லோ கையால் வெட்டி எடுக்கும் அளவுக்கு மென்மையானது. இரும்புச் சத்தால் காவி நிறம் கொண்டது. எக்ஸ் நகரின் பழைய மாளிகைகள் பல அந்தக் கல்லால் எழுந்தவை. வெட்டி எடுத்த இடத்தில் சுவர்போல் எஞ்சிய செங்குத்துப் பரப்புகளைச் செசான் நிழலை மட்டும் நம்பி வரையவில்லை. ஆரஞ்சு, காவி, ஊதா எனத் தூரிகைத் தீற்றுகளை அடுக்கி, ஒரு பரப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே திரும்புகிறது என்று காட்டுகிறார். பாறையின் திருப்பத்தை இவ்வளவு சரியாகப் பிடித்தவரை, ஓவியம் அறியாத நானும் தொழில் தெரிந்தவர் என்றே சொல்வேன்.

மலை விஷயத்தில் மட்டும் எங்கள் நில அளவையாளர் அவரை மன்னிக்கமாட்டார். நேரில் தெரிவதைவிட மலை பெரிதாக எழுந்து, குவாரியின் விளிம்பிலேயே வந்து நிற்கிறது. இடையிலுள்ள பள்ளத்தாக்கு காணாமல் போய்விட்டது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. முகப்பின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தூரம் அப்படித்தான் சுருங்குகிறது.

“குவாரி என்கிறீர்கள், ஒரு தூசியைக்கூடக் காணோமே, அண்ணே?” என்று எங்கள் லோரி ஓட்டுநர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். செசான் அங்கே வரைந்த காலத்தில் அந்தக் குவாரி கைவிடப்பட்டிருந்தது. படத்தில் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. வெட்டுத் தளங்களில் வேரூன்றி வளர்ந்து நிற்கும் மரங்களை அவருக்குக் காட்டினேன். வேலை நடக்கும் தளத்தில் எந்தக் குவாரிக்காரனும் மரத்தை விட்டுவைப்பதில்லை.